பீலிக்கு ஓடுகிறவள்

அவரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஒடுங்கிய தோள், தடித்த கண்ணாடி. ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மனைவியின் தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் செலுத்த, அங்கே ஓடும் மின்சாரத்தைத் திரையில் கோடுகளாகப் பதிந்து கொடுத்த டெக்னீஷியன் அவர். சோதனைக்காக அவள் நெஞ்சை வேண்டுமென்றே வேகமாக ஓடவிட்டார்கள். கோடுகள் நெருங்கும்போதெல்லாம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற புருஷன் நான், நன்றாகவே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன்.

கோளாறான இடத்தை டாக்டர் கம்பி நுனியால் சுட்டுச் சரிசெய்தபின் அவர் வெளியே வந்தார்.

“அண்ணே, ஒங்க மிஸிஸ் வீட்டுல திடீர்னு எந்திரிச்சுப் போயி பச்சத்தண்ணியில மொகத்த முக்குவாங்கதானே?”

உண்மைதான். எல்கடுவ தோட்டத்து லயத்து வீட்டில் நாங்கள் சண்டை போட்டால், மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கு ஓடிவிடுவாள்.

“கோவிச்சுக்கிட்டுப் போவா,” என்றேன்.

“இல்லண்ணே. நெஞ்சு படபடன்னு ஓடுறப்ப மொகத்துல குளுந்த தண்ணி பட்டா சில பேருக்கு அந்தப் படபடப்பு நின்னுரும். அவங்களாவே கண்டுபிடிச்சிருக்காங்க. கேட்டேன், சொன்னாங்க.”

சொன்னாளாம்! பதினெட்டு வருஷம் என்னிடம் சொல்லாததை, ஒரே காலையில், அவரிடம்!

நெஞ்சு குணமாகி ஆறு மாதமாகிறது. போன வாரச் சண்டையில் அவள் மறுபடியும் பீலிக்குப் போய் முகத்தை நனைத்தாள். அவராக இருந்தால் பின்னாலேயே போய் ஏன் என்று கேட்டிருப்பார். நான் வாசலில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.