தோமஸின் காது மெசின்

கண்டக்குழியில் பவுலினாவோடு வாக்குவாதப்பட்டு வென்ற ஒரே ஆள் அவளுடைய புருசன் தோமஸ்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. தோமஸுக்குக் காது கேளாது, அதுதான் காரணம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று யாராவது சொன்னால் பவுலினாவே முதலில் சிரிப்பாள். "ஊதுறது என்ட நெஞ்சுக்கு நல்லதுதானே" என்பாள்.

அவள் ஊதாத இடமில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிசும் விற்று வரும் ஓட்டோவை நடுவீதியில் மறித்து, எடை சரிதானா என்று மீன் நிறுக்கிற தராசில் பாணை வைத்து நிறுத்தவள் அவள். மிச்சக் காசுக்குப் பதிலாக டொபி கொடுத்துக்கொண்டிருந்த பஸ் கொண்டக்டருக்கு ஒருநாள் அந்த டொபிகளையே சேர்த்துவைத்துப் பஸ்காசாக நீட்டினாள். எந்தச் சாமானை வாங்கினாலும் பெட்டியின் பின்பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பாள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவள் என்று பெயர். நியாயமாகச் சொன்னால், அவள் பிடித்த முயல்களில் பாதிக்கு உண்மையிலேயே மூன்று கால்தான் இருந்தது.

தோமஸ் அப்படியே எதிர்மாறு. ஃபைபர் போட்டின் பின்பக்கத்தில், எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தே காலத்தைக் கழித்த மனுசன். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. தன் குரலும் தனக்குக் கேளாததால் அவர் எதையும் உரத்துத்தான் சொல்வார். வாசலில் நின்று பவுலினாவிடம் தேத்தண்ணி கேட்டால் அடுத்த வளவில் அடுப்பு மூட்டுவார்கள்.

இதெல்லாம் சிரிப்போடு போய்க்கொண்டிருந்தது, மகள் ஷானிகா இத்தாலிக்குப் போகும்வரை. அங்கே வயதான ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த பிறகு போன் எடுப்பாள். தோமஸ் போனை வாங்கி, "நான் சுகம் மகள், நீ சாப்பிட்டியா" என்று கத்திவிட்டு, பதில் வரும்வரை நிற்காமல் பவுலினாவிடம் நீட்டிவிடுவார். பிறகு கதிரையில் இருந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். போனை வைத்ததும், "என்னவாம்?" என்பார். பவுலினா கையாலும் வாயாலும் காட்டுவாள். ஒருநாள் அவர் கேட்டார், "அவள்ட குரல் இப்பவும் அப்பிடித்தானா இருக்கு?"

குரலைக் கையால் எப்படிக் காட்டுவது? பவுலினா குசினிக்குள் போய் அழுதாள். அடுத்த ஞாயிறு அதை மகளிடம் சொன்னாள். ஷானிகா பல மாதம் மிச்சம் பிடித்து, அப்பாவுக்குக் காது மெசின் வாங்கக் காசு அனுப்பினாள்.

புத்தளத்தில் அம்ஜத் என்கிறவரின் கடையில் வாங்கினார்கள். நல்ல மாதிரியான ஆள். தோமஸின் காதில் மெசினைப் பொருத்தி, "கடலுக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க அண்ணன், உப்புத் தண்ணி பட்டா சரிவராது" என்றார். ஒரு வருச வொறண்டி எழுதிக் கொடுத்தார். பவுலினா வழக்கம்போலப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். எல்லாம் இங்கிலீசாக இருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சண்டை பிடிக்க மனமில்லை. தோமஸ் கடை வாசலில் நின்று, பஸ் ஹோர்ன் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு போன் வந்தது. "அப்பா" என்றாள் ஷானிகா. தோமஸ் கத்தவில்லை. போனைக் காதில் வைத்தபடி இருந்தார். "ஓம் மகள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறை, "ஓம் மகள்." கன்னம் நனைந்திருந்தது. அதற்குப் பிறகு அவருடைய குரலும் இறங்கிவிட்டது. தன் சத்தம் தனக்கே கேட்டதும் மனுசனுக்கு வெட்கம் வந்துவிட்டது போலும். "நீ இவ்வளவு கதைக்கிறனியா" என்று பவுலினாவிடம் மெல்லக் கேட்டார்.

பவுலினா அந்த மெசினைப் பொன்போலப் பார்த்தாள். தோமஸ் கடலுக்குப் போகும்போது அதைக் கழற்றி வாங்கி, பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து அதில் போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் சொருகிக்கொள்வாள். பின்நேரம் செபமாலை முடிந்ததும், தலவில அன்னம்மாள் கோவிலில் இருந்து கொண்டுவந்த தீர்த்தப் போத்தலை எடுப்பாள். தோமஸின் நெற்றிக்கு ஒரு சிலுவை, எஞ்சினுக்கு ஒரு சிலுவை, காது மெசினுக்கு ஒரு சிலுவை. மந்திரிக்காத எஞ்சினைக் கடலில் இறக்க அந்தக் கரையில் யாரும் துணிய மாட்டார்கள். எஞ்சினுக்கே அப்படியென்றால் மகள் அனுப்பிய சாமானுக்குச் செய்யாமல் விடலாமா?

சில மாதத்தில் மெசின் செத்துப்போனது. ஒரு ஞாயிறு தோமஸ் போனைக் காதோடு அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு, "நான் சுகம் மகள்" என்று பழையபடி கத்தினார். பவுலினா மெசினை எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் பஸ் ஏறினாள்.

அம்ஜத் மெசினைத் திறந்து பார்த்து, உள்ளே ஈரம் போயிருக்கிறது என்றார். "தண்ணிக்கு வொறண்டி இல்ல அக்கா." பவுலினா விடுவாளா? புத்தளத்தில் பாவனையாளர் முறைப்பாடு விசாரிக்கிற கந்தோருக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கரையில் அந்தக் கிழமை முழுவதும் இதே கதைதான். மீன்வாடி வைத்திருக்கும் அன்ரனிப்பிள்ளை, "ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் களப்பு. இஞ்ச காத்தே ஈரம்தான். காத்துக்குத் தாங்காத சாமானை இந்த ஊருக்கு விக்கிறதே பிழை. அரசாங்கம் அதுக்கு ஒரு சட்டம் போடோணும்" என்றார். தோமஸோடு ஒரே போட்டில் தொழிலுக்குப் போகும் டிலக்‌ஷன், "அப்பிடிப் பார்த்தா எங்களுக்கு ஒருத்தனும் ஒண்டும் விக்க மாட்டான் மாமா" என்றான். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இருந்து என்ன, தோமஸுக்குக் கேட்கவில்லையே.

விசாரணை நாளில் அதிகாரி அஸ்ரியா, முக்காடு போட்ட இளம் பெண், பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். அம்ஜத் மெசினை மேசையில் திறந்து வைத்தார். உள்ளே பச்சை பூத்திருந்தது. "இது ஒருநாள் பட்ட தண்ணி இல்ல மிஸ். திரும்பத் திரும்பப் பட்டிருக்கு."

பவுலினா எழுந்து கையை உயர்த்தினாள். "தலவில அன்னம்மாள் அறிய ஒரு சொட்டுத் தண்ணி இதில பட்டதில்ல."

தோமஸ் அதுவரை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை பூத்த மெசினைப் பார்த்தார். உயர்ந்து நிற்கும் பவுலினாவின் கையைப் பார்த்தார். உடனே எழுந்து, தன் பழைய பெருங்குரலில், "நான்தான் மிஸ். இவவுக்குத் தெரியாம கடலுக்குக் கொண்டு போனனான்" என்றார்.

அதோடு முறைப்பாடு முடிந்தது. அடுத்த கிழமை இரண்டு பக்கமும் வந்து கையெழுத்து வைத்தால் மூடிவிடலாம் என்றாள் அஸ்ரியா.

பஸ்ஸில் கண்டக்குழி வரைக்கும் பவுலினா ஏசிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் உழைப்பைக் கடலில் போட்டுவிட்டீங்களே என்றாள். தோமஸ் ஜன்னலால் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஆறுதலாக யோசித்தபோதுதான் ஒன்று இடித்தது. அலுமாரித் திறப்பு இருந்தது தன் இடுப்பில். இந்த மனுசன் எப்போது எடுத்தார்? டிலக்‌ஷனைக் கூப்பிட்டுக் கேட்டாள். "கடல்லயா? நான் ஒருநாளும் காணல்ல மாமி. காதுல இருந்தா நான் கூப்பிட்டதும் திரும்புவார்தானே" என்றான்.

அப்படியென்றால் ஏன் பொய் சொன்னார்? கேட்க வேறு ஆளில்லாமல் அன்னம்மாளின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கை தன்பாட்டில் தீர்த்தப் போத்தலைத் திறந்தது. விரலை நனைத்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். விரல் நுனியில் இருந்து ஒரு சொட்டு உருண்டு, கீழே மேசையில் மெசின் இல்லாமல் திறந்து கிடந்த பிஸ்கட் டின்னுக்குள் பஞ்சில் விழுந்து ஊறியது.

பவுலினா அந்தப் பஞ்சையே பார்த்தபடி நின்றாள். அவள் பொய் சொன்னவள் இல்லை. தீர்த்தத்தைத் தண்ணி என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கிணற்றில் அள்ளுவது தண்ணி, குழாயில் வருவது தண்ணி. தீர்த்தம் தீர்த்தம். ஆனால் தோமஸ் ஒவ்வொரு பின்நேரமும் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தக் கந்தோரில் அவள் கையை உயர்த்தியதும் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது.

அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. பிழை என்று ஒத்துக்கொண்டு பழக்கமில்லாத வாய் அது. சொன்னால் ஊர் என்ன சொல்லும்? அன்னம்மாள் பேரில் பொய்ச் சத்தியம் பண்ணியவள் என்றுதான் சொல்லும். சொல்லாமல் விட்டாலோ, மகள் தந்த சாமானைக் கெடுத்த ஆள் என்ற பெயர் தோமஸுக்கு நிற்கும். ஷானிகாவும் அதையே நம்புவாள். அதை நினைக்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த கிழமை கந்தோரில் அஸ்ரியா பேனையை நீட்டினாள். பவுலினா வாங்கவில்லை.

"மிஸ், போனமுறை நான் சொன்னதும் பிழை, இவர் சொன்னதும் பிழை. மெசினை நனைச்சது நான்." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "ஒவ்வொருநாளும் தீர்த்தம் வெச்சனான். நல்லா இருக்கோணும் எண்டுதான் வெச்சன்."

யாரும் சிரிக்கவில்லை. அம்ஜத் தலையைச் சொறிந்தார். "எங்கட உம்மா என்ட புதுப் போனுக்கு மக்காவில இருந்து வந்த ஸம்ஸம் தண்ணி தெளிச்சவ. அதுவும் இப்பிடித்தான் போச்சு" என்றார். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்து ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். "பெட்டிக்குள்ள தாள் இருந்ததே அக்கா. எந்த ஈரமும் படக்கூடாது எண்டு அதுல தெளிவா இருக்கு."

பவுலினாவின் தலை மெல்ல நிமிர்ந்தது. "எந்தப் பாசையில தம்பி?"

அம்ஜத் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து நீட்டினார்.

"எனக்குத் தமிழும் வாசிக்கத் தெரியும், சிங்களமும் வாசிக்கத் தெரியும். ரெண்டுலயும் ஒரு எழுத்து அதில இல்ல. நீங்க வாயால சொன்னது கடலுக்குக் கொண்டு போகாதீங்க எண்டு மட்டும்தான். நாங்க கொண்டு போகல்ல. என்ட பிழை என்ட பிழைதான், அதை நான் சொல்லிட்டன். உங்கட பிழையை ஆர் சொல்றது?"

அஸ்ரியா அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். "அவ கேக்கிறது சரிதானே" என்று அம்ஜத்தைப் பார்த்தாள். அவரும் தர்க்கம் பண்ணவில்லை. கொழும்புக்கு அனுப்பித் திருத்தித் தருவதாகவும், இனி ஒவ்வொரு பெட்டியிலும் தமிழில் ஒரு தாள் வைப்பதாகவும் ஒத்துக்கொண்டார். அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்பதைப் பவுலினா அங்கேயே நின்று சொல்லிக் கொடுத்தாள். கடைசி வரி, "தீர்த்தமும் ஈரம்தான்." அம்ஜத் அதற்குப் பக்கத்தில் ஸம்ஸமையும் சேர்த்துக்கொண்டார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த தோமஸ், கதவு வழியாக அவள் நெஞ்சைத் தொட்டுக் காட்டியதைப் பார்த்திருந்தார். அவள் வந்து பக்கத்தில் இருந்ததும், "எதுக்குச் சொன்ன?" என்றார்.

"நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க?" அவள் வாயைப் பெரிதாக அசைத்துக் கேட்டாள்.

"நீ சத்தியம் பண்ணிட்டாயே. கடலுக்குப் போற வீட்டில பொய்ச் சத்தியம் இருக்கக்கூடாது. நான் சத்தியம் பண்ணாமத்தானே பொய் சொன்னன்" என்றார் தோமஸ். ரகசியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். கந்தோர் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பவுலினா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அவளுக்கு அந்த மனுசன் மேல் வந்த அன்பு, கலியாணம் கட்டிய நாளிலும் வந்ததில்லை.

மெசின் திரும்பி வந்தது அம்ஜத் நோன்பு பிடித்திருந்த மாதத்தில். அந்த ஞாயிறு பவுலினா முதலில் உள்ளங்கையை நீட்டினாள். தோமஸ் மெசினைக் கழற்றி அதில் வைத்தார். அதைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, வெறுங்காதில் தீர்த்தத்தால் சிலுவை போட்டாள். ஈரம் காயும்வரை ஊதினாள், முந்தானையால் ஒற்றினாள், அதன் பிறகுதான் மெசினைக் கொடுத்தாள்.

போன் வந்தது. தோமஸ் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் இருந்தார். "ஓம் மகள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி நீளமாக என்னவோ சொன்னார். இடையில் பவுலினாவைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் தாழ்ந்த குரலில் சொன்னார். அங்கே ஷானிகா சிரிப்பதும், மூக்கை உறிஞ்சுவதும் போல இருந்தது.

குசினி வாசலில் நின்ற பவுலினா கழுத்தை நீட்டினாள். எவ்வளவு உன்னியும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"என்னத்தைக் கதைக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்றாள். "எனக்கு ஒண்டும் கேக்கல்ல."

தோமஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னவாம் எண்டு பிறகு கேள்" என்றார். "கையால காட்டுறன்."