பதினேழாம் ஊர்த் தண்ணீர்

சுடலைவடிவுக்கு வயது நாற்பத்தேழு. அதில் இருபத்திரண்டு வருடத்தை அவள் பிறரிடம் கேள்வி கேட்டே கழித்துவிட்டாள். அவள் போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை. எங்கள் கல்லூரியின் ஆராய்ச்சித் துறையில் களப்பணியாளர். காலையில் தச்சநல்லூரில் பஸ் ஏறி, ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, வீடு வீடாகக் கதவைத் தட்டுவதுதான் வேலை. ஒரு திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். அடுத்த திட்டம் வந்தால் மறுபடி கூப்பிடுவார்கள். நான் பாக்கியசீலன், அதே துறையின் ஆய்வுக்கூட உதவியாளன். அவள் வெயிலில் அலைந்து கொண்டுவருவதை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அளந்து சொல்பவன்.

அறிவியல் வேறு, சமூகவியல் வேறு என்று படித்தவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். வடிவுக்கு எல்லாம் ஒரே பஸ், ஒரே வெயில். ஒரு வருடம் வாழை இலையில் விழும் புள்ளிகளை எண்ணினாள். மறு வருடம் பீடி சுற்றும் பெண்களின் இடுப்புவலியை எண்ணினாள். அதற்குப் பிறகு இரத்தசோகை, மகளிர் குழு, வயலில் மயில் செய்கிற சேதம் என்று வந்துகொண்டே இருந்தது. ஒருமுறை கூடங்குளம் பக்கம் மீனவர் வீடுகளில் போய், "உங்களுக்குப் பயம் எவ்வளவு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டியிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "அஞ்சோட நிப்பாட்டிட்டியளே, அதுக்கு மேல கிடையாதா?" என்று கேட்டாராம். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. ஐந்து என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் கால் தேய்ந்ததில் பதினோரு பேர் முனைவர் ஆனார்கள். பதினோரு ஆய்வேடுகளிலும் நன்றிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கடவுளுக்கு நன்றி, நெறியாளருக்கு நன்றி, மனைவிக்கு நன்றி, கடைசியில் "களத்தில் உதவியோருக்கும்" நன்றி. அந்த "உம்" தான் வடிவு. இதைச் சொன்னால் அவள் சிரிப்பாள்.

"பேரு கெடக்கட்டும் அண்ணாச்சி. போற ஊருல எல்லாம் ஒரே கேள்வியில்லா கேக்காவ. போன தடவ வந்து எழுதிட்டுப் போனியே, அது என்னாச்சுன்னு. அதுக்கு என்ன சொல்ல?"

அவளுக்குத் தெரியாது. எங்களில் யாருக்குமே தெரியாது. கேள்வி கேட்கத்தான் எங்களுக்குப் பணம் ஒதுக்குவார்கள். பதிலை ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்ல எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இருந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் தண்ணீர்த் திட்டம் வந்தது. தாமிரபரணியின் இரு கரையிலுமாக முப்பது ஊர்களில் மக்கள் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். திட்டத்தின் தலைவர் பேராசிரியர் விஜயஸ்ரீ. கெட்டிக்காரி, நேர்மையானவள், எப்போதும் அவசரத்தில் இருப்பவள். "எல்லா வீட்டுக்கும் போக முடியாது. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்று முதல் கூட்டத்திலேயே சொன்னாள். ஊருக்கு முப்பத்தெட்டு வீடு என்று முடிவாயிற்று.

பதினேழாம் ஊருக்கும் பெயர் உண்டு. ஆய்வு விதிப்படி அதைச் சொல்லக்கூடாது என்பதால் நானும் சொல்லவில்லை. ஆற்றிலிருந்து ஒன்பது மைல் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் பக்கத்து ஊர்வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. இங்கே போர் தண்ணீர்தான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வீட்டுக்கு ஒருவருக்காவது சிறுநீரகக் கல் உண்டு என்பார்கள். அந்த ஊர்ப் பெண்கள் பத்து வருடமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவள் கலையரசி. பீடி சுற்றுகிறவள், ஆனால் மனு எழுதினால் வக்கீல் தோற்றுப்போவார். கடைசியாகப் போனபோது அதிகாரிகள் அவளிடம், "தண்ணி மோசம்னு ஒரு ஆய்வு அறிக்கை இருந்தா குழாயை நீட்டலாம்" என்று சொல்லியிருந்தார்கள். அதனால் வடிவு பாட்டில் பையோடு அந்த ஊரில் இறங்கியபோது ஊரே அவளை எதிர்பார்த்து நின்றது.

விதி என்னவென்றால், களப்பணியாளர் வீட்டுக்குள் போக வேண்டும். அடுப்படியில் எந்தக் குடத்திலிருந்து குடிக்கிறார்களோ அதிலிருந்து பாட்டிலில் ஊற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தபின் படிவத்தில் "நேரில் பார்த்தேன்" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். அன்றைக்குப் பங்குனி வெயில். வடிவுக்கு வலது முழங்கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றி, படி ஏறி, குனிந்து, உள்ளே போய், திரும்பி வர வேண்டும், அதுவும் முப்பத்தெட்டு தடவை. முதல் மூன்று வீட்டில் வாசலில் நின்றபடியே, எந்தக் குடத்துத் தண்ணீர் என்று சொல்லாமல், பாட்டிலை நீட்டினாள். பெண்கள் உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். அது சுலபமாக இருந்தது. மீதி முப்பத்தைந்து வீட்டிலும் அப்படியே செய்தாள். முப்பத்தெட்டு டிக்கையும் வாசலில் நின்றே போட்டாள்.

அவளை மட்டும் சொல்லி என் யோக்கியதையை மறைக்க முடியாது. பாட்டில்கள் என்னிடம் வந்தன. முப்பத்தெட்டிலும் உப்பு குறைவு, அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஒரே தெருவில் முப்பத்தெட்டு வீட்டுக் குழம்பு ஒரே ருசியாக இருக்குமா? போர் தண்ணீர் இத்தனை தித்திப்பாக இருக்குமா? முப்பது வருட அனுபவம் உள்ள ஆளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது என்பதுதான் அசிங்கம். திரும்ப அளக்கச் சோம்பல்பட்டு, எண்களை எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அறிக்கை வந்தது. முப்பது ஊரில் இரண்டாவது நல்ல தண்ணீர் பதினேழாம் ஊருடையது. குழாய் நீட்ட வேண்டிய ஊர்களின் பட்டியலில் அது இல்லை.

இது எதுவும் வடிவுக்குத் தெரியாது. அறிக்கையை அவளுக்கு யார் காட்டினார்கள்? எட்டு மாதம் கழித்து வேறொரு திட்டத்துக்காக, பள்ளிப் பெண்கள் செல்போனில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கேட்க, அதே ஊருக்குப் போனாள். வெயிலில் தலை சுற்றியது. கலையரசி கையைப் பிடித்து இழுத்துப்போய் அடுப்படியிலேயே உட்காரவைத்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்தாள். முகம் கழுவக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். கலையரசி இன்னொரு குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். முதல் தம்ளர் போல இல்லை, உதட்டில் பட்டதும் கரித்தது. அப்போதுதான் வடிவு நிமிர்ந்து பார்த்தாள். பச்சை பிளாஸ்டிக் குடங்கள் மூன்று. தனியாக மூலையில், தட்டுப் போட்டு மூடிய பித்தளைக் குடம் ஒன்று.

"அது என்ன குடம், தாயி?"

"அது வந்தவியளுக்குள்ளது. பக்கத்து ஊர்க் குழாயில பிடிச்சு மினி பஸ்ல கொண்டாருவோம். குடத்துக்கும் சேத்துல்லா டிக்கெட்டு போடுதான். எல்லா வீட்டுலயும் ஒண்ணு இருக்கும். நாங்க தொட மாட்டோம்."

வடிவு எழுந்து பித்தளைக் குடத்தின் தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் பாட்டில் கொண்டாந்தேம்லா?"

"ஆமா."

"எதுல இருந்து ஊத்துனீய?"

கலையரசிக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "இதுல இருந்துதான். வாசல்ல வந்து நிக்கவுக கையில உப்புத் தண்ணியவா கொடுப்பாவ?"

மண்டையில் அடித்த மாதிரி இருந்தது என்று வடிவு என்னிடம் சொன்னாள். அந்த ஊரில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. வீடு தேடி வந்தவள் கை நீட்டினாள், அவர்கள் கை தானாகப் பித்தளைக் குடத்துக்குப் போயிற்று. அவள் உள்ளே வந்து பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். பதம் பார்த்த சோறு வேறு பானைச் சோறு.

அவள் கிளம்பும்போது கலையரசி கேட்டாள். "யக்கா, அந்த ரிப்போட்டு என்னாச்சு?"

இருபத்திரண்டு வருடமாகச் சொன்ன பதிலையே வடிவு அன்றும் சொன்னாள். "வரும் தாயி."

மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் அறிக்கையை எடுத்துக் காட்டினேன். இரண்டாவது இடம். அவள் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "என் முட்டுக்காலுக்காக ஒரு ஊரு உப்புத் தண்ணி குடிக்கணுமா அண்ணாச்சி?" என்றாள். என் சோம்பலையும் சேர்த்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இருவருமாகப் பேராசிரியரிடம் போனோம். விஜயஸ்ரீ முழுக்கக் கேட்டாள். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

"வடிவு, திட்டம் முடிஞ்சு போச்சு. அறிக்கை போயிட்டு. திரும்ப எடுக்க ஆளும் கிடையாது, காசும் கிடையாது. முப்பதுல ஒரு ஊருதான்."

"அந்த ஊருக்காரிக்கு அது ஒண்ணுதான மேடம் ஊரு?"

"நீ எழுதிக் கொடுத்தா நான் மாத்தித்தான் ஆகணும். ஆனா பாக்காமலே டிக் போட்டேன்னு உன் கையெழுத்தோட ஒரு தாளு ஃபைல்ல இருக்கும். அதுக்கப்புறம் அடுத்த திட்டத்துல உன் பேர எப்படிச் சேப்பேன்? மூணு வருசத் திட்டம். உன் பேரத்தான் முதல்ல போட்டு வச்சிருக்கேன்."

மூன்று வருடம் என்பது வடிவுக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஆறு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்குமாகவே வாழ்ந்து பழகியவள். புருஷன் மாவு மில்லில் வேலை பார்க்கிறார், மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் பேராசிரியரின் மேஜைமேல் இருந்த தாளையே எடுத்து அங்கேயே நின்றபடி எழுதினாள். பதினேழாம் ஊரில் தண்ணீர் ஊற்றுவதைத் தான் பார்க்கவில்லை, முப்பத்தெட்டு பாட்டிலும் செல்லாது என்று நான்கு வரி. எத்தனையோ ஆயிரம் பேரின் பதிலை எழுதிய கை, முதல் தடவையாகத் தன் பதிலை எழுதியது. கீழே நானும் இரண்டு வரி எழுதினேன். நான் நிரந்தரப் பணியாளன், என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அது பெரிய வீரம் இல்லை.

விஜயஸ்ரீ சொன்ன சொல் தவறவில்லை. திருத்தம் போயிற்று. பதினேழாம் ஊருக்கு நேரே "தரவு இல்லை" என்று வந்தது. தண்ணீர் நல்லது என்ற பொய் போயிற்று. கெட்டது என்ற உண்மை வரவில்லை. வடிவின் பெயரும் புதுத் திட்டத்தில் வரவில்லை.

"வாங்க அண்ணாச்சி, ஒரு தடவையாவது போய் என்னாச்சுன்னு சொல்லிட்டு வந்துருவோம்" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுணில் பஸ் ஏறிப் போனோம். காலிப் பாட்டில் பை என்னிடம் இருந்தது. கலையரசி வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். வடிவு நின்றுகொண்டே, எதையும் மறைக்காமல் சொன்னாள்.

ஒரு கிழவி தட்டைக் கீழே வைத்தாள். "எத்தன தடவட்டி வந்து கேப்பீய? கேட்டு, எழுதி, கடைசில எங்க தண்ணி நல்ல தண்ணின்னு நீங்களே சொல்லிட்டீயளே."

"எங்க கையாலயே மண்ண அள்ளிப் போட்டுருக்கோம்" என்றாள் இன்னொருத்தி.

"ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள் வடிவு. "கால் வலின்னு நான் வாசல்ல நின்னேன். தப்பு என்னுதுதான்."

கலையரசி எழுந்து உள்ளே போனாள். இரண்டு தம்ளரோடு வந்தாள். இவ்வளவு கேட்டபிறகும் உபசாரமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வாங்கி ஒரு வாய் குடித்தேன். கரிப்பும் கசப்பும் சேர்ந்த தண்ணீர். முப்பது வருடமாக எண்ணாக மட்டுமே பார்த்த ஒன்று நாக்கில் இருந்தது. என்னால் பாதிக்குமேல் முடியவில்லை.

"அந்தக் குடம் வந்தவியளுக்குள்ளது, யக்கா" என்றாள் கலையரசி. "நாங்க குடிக்கது இதான். குடிச்சுட்டு எழுதிக்கோ."

வடிவு ஒரு சொட்டு வைக்காமல் குடித்தாள். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். என் தோளிலிருந்து பாட்டில் பையை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முழங்காலைப் பிடித்தபடி படியேறி உள்ளே போனாள். அதற்குப் பிறகு முப்பத்தேழு வீட்டுக்குள்ளும் அப்படியே ஏறி இறங்கினாள். அன்றைக்கு அவளை யாரும் அனுப்பியிருக்கவில்லை.