நாற்பது அடி என்று நான் சொன்ன மரங்கள்

புனேயில் போபோடியிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் டேக்டி வரும். இங்கே குன்றை அப்படித்தான் சொல்லுவோம். காலையில் ஏறுகிறவர்கள் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். குடிப்பதற்கு இல்லை, மேலே இருக்கிற கன்றுகளுக்கு ஊற்ற. யார் ஆரம்பித்த வழக்கமோ, நாங்கள் போக ஆரம்பித்தபோதே இருந்தது. என் வீட்டுக்காரர் பேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு இரண்டு பேரும் போனோம். அவர் காலமான பிறகு நான் போகிறேன். மற்றவர்கள் ஒரு லிட்டர் பாட்டில் கொண்டு வருவார்கள். நான் கொண்டு போவது ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். யாராவது வாங்கிக்கொள்ள கை நீட்டினாலும் கொடுக்க மாட்டேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே சமமான ஒரு இடம் உண்டு. அங்கே ஒன்பது மரம், வேம்பும் புங்கமும். அதில் பாதி என் கேன் தண்ணீரில் வளர்ந்தது என்று நான் சொல்லுவேன், யாரும் இல்லை என்று சொன்னதில்லை. அந்தக் குன்றில் நிழல் என்றால் அது ஒன்றுதான். ஏறி வந்த பெண்கள் எல்லாரும் அங்கேதான் உட்காருவோம். பக்கத்துத் திடலில் பிள்ளைகள் பந்து அடிப்பார்கள், சங்கராந்திக்குப் பட்டம் விடுவார்கள்.

ஒரு மழைக்காலத்துக் காலை. மழையானாலும் விடாமல் ஊற்றிவிட்டு வெறும் கேனோடு இறங்கி வருகிறேன், அடிவாரத்தில் மூன்று கால் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். மேலே ஒரே பனிமூட்டம். கருவியில் கண் வைத்தவன் ஒன்றும் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினான். நோட்டு வைத்திருந்தவனுக்கு அந்தச் சேற்றில் ஏற மனசில்லை. என்னைப் பார்த்ததும் பாட்டி என்று மராட்டியில் கூப்பிட்டுக் கேட்டான்.

"ஆஜி, மேல மரம் இருக்காமே, எவ்வளவு உயரம் இருக்கும்?"

மரம் நட்டவர்களுக்குப் பரிசு கொடுக்கிற ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேறொரு குன்றில் அப்படிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"நாற்பது அடி" என்றேன்.

"எல்லாமுமா?"

"எல்லாம்தான். நான் வளர்த்தது. இன்னும் வளரும்."

எழுதிக்கொண்டான். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. பரிசு வரும்போது தெரியட்டும் என்று இருந்தேன்.

மழை விட்ட பிறகு அடிவாரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். எனக்கு இரண்டாம் வகுப்புத் தமிழ்தான் தெரியும். என்னோடு வருகிற பக்கத்து வீட்டுக்காரி இங்கேயே மராட்டிப் பள்ளியில் படித்தவள். அவள் படித்துச் சொன்னாள். பெரிய கரண்டு லைன் ஒன்று இந்தக் குன்றின் மேல் போகப் போகிறதாம். இந்தப் பக்கம் ஒரு கோபுரம், அந்தப் பக்கம் ஒரு கோபுரம், நடுவில் கம்பி. கம்பியை எட்டுகிற மரங்களை எடுத்துவிட வேண்டும். எடுக்க வேண்டிய பட்டியலில் எங்கள் ஒன்பதும் இருந்தன. நாற்பது அடி, உள்ளூர்க் கிழவி ஒருத்தி சொன்னபடி, என்று போட்டிருந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்கா அந்தக் கெழவி? ஐயோ, நீயா? இன்னாக்கா, நாப்பது அடியா? நம்ம மூணு மாடி பில்டிங்கே அவ்ளோ இருக்காதே!"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டீ."

"உன் பேச்ச கேட்டு வெட்டிட்டுப் போயிடப் போறானுங்க."

ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம் என்று பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். குன்றேறுகிறவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். படித்தவர்கள் இங்கிலீஷில் பேசினார்கள். பட்டம் விடுகிற இடம் போகும் என்றார் ஒருவர். கம்பிக்குக் கீழே யார் உட்காருவார்கள் என்றாள் ஒருத்தி. அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். குட்டையான மரங்களைத் தொட மாட்டோம், உயரமானவற்றை விட முடியாது என்றார்.

நான் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. இத்தனை வருடம் குன்றில் நான் பெருமை பேசியதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இந்தியில் சொன்னேன். அந்தக் கிழவி நான்தான், நாற்பது அடி இல்லை, பெருமைக்குச் சொன்னது.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாதாஜி, அன்னிக்குப் பெருமைக்குச் சொன்னீங்க. இன்னிக்கு மரத்தைக் காப்பாத்தச் சொல்றீங்க. எதை நம்புறது?"

ஹாலில் சிரித்தார்கள். பொய்க்காரி என்று என்னை அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவர் கேட்டதிலும் தப்பில்லை.

"என்னை நம்பாதீங்க. வந்து அளந்துக்கோங்க" என்றேன்.

அடுத்த வாரம் அதே நோட்டுக்காரன் நீள மூங்கில் ஒன்றோடு வந்தான். இந்த முறை ஏற வேண்டியிருந்தது, மூச்சு வாங்கியது. மூங்கிலில் அடிக்கு அடி கறுப்புக் கோடு. நாங்கள் பத்துப் பெண்கள் சுற்றி நின்றோம். ஒவ்வொரு மரத்தோடும் அதை நிறுத்தினான். ஏழு அடி. ஒன்பது. எட்டு. எல்லாவற்றிலும் பெரிய வேம்பு, தினமும் நான் ஊற்றுகிற மரம், பதினான்கு அடி.

"அக்கா, மீதி இருபத்தாறு அடி மண்ணுக்குள்ள கீதா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மரம் என் கண்ணுக்கு அவ்வளவு குட்டையாக ஒருநாளும் இருந்ததில்லை.

பட்டியலிலிருந்து ஒன்பதையும் அடித்தான். லைன் வருமா வராதா என்பது அவனுக்கே தெரியவில்லை. வந்தாலும் இவை நிற்கலாம் என்றான். ஆனால் வருடா வருடம் ஆள் வந்து பார்க்கும், இருபது அடியைத் தாண்டினால் தலையை வெட்டிவிடுவார்கள்.

"அப்போ தண்ணியக் கொறச்சுக்கோக்கா" என்றாள் அவள்.

குறைக்க மாட்டேன் என்றேன். வெட்டுவது அவர்கள் வேலை.

முன்பு சொன்னது தவறு, இப்போது அளந்ததுதான் சரி என்று ஒரு தாளில் எழுதி, சொன்னவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றான். என் சேலையையும் காலி கேனையும் பார்த்துவிட்டு கைநாட்டு வைக்க மை டப்பாவைத் திறந்து நீட்டினான். நான் பேனாவைக் கேட்டேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்து, தமிழில் என் பெயரை எழுதினேன். ஐந்து எழுத்து, நேரம் ஆயிற்று. எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.