நாற்பதில் நின்ற பாதரசம்

எனக்கு இரத்த அழுத்தம் பார்க்கும்போதெல்லாம், பாதரசம் நாற்பதைக் கடந்து இறங்கும்வரை மூச்சு வராது. காரணம் பழையது.

எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரியில் உதவியாளனாக இருந்தேன். மெயின்லேண்டிலிருந்து வந்த டாக்டர் ஒருவர், மரம் தூக்கும் கூலிகளின் முதுகுத் தசைக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளந்தார். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, தண்டுவடத்துக்குப் பக்கத்துச் சதையில் ஊசி குத்துவார். ஊசியிலிருந்து உப்புநீர்க் குழாய் ஒன்று பாதரசக் குழலுக்குப் போகும். ஆள் நெஞ்சைத் தூக்கித் தூக்கி இறக்கும்போது பாதரசம் ஏறும். ஓய்ந்ததும் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சதை உள்ளேயே நெரிபடுகிறது என்று அர்த்தம்.

டாக்டரின் கண் ஊசியிலும் கடிகாரத்திலும். பாதரசத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வந்தார். என்னைவிட மூத்தவர், நாலு பிள்ளைக்காரர். மேசையில் ஏறும் முன் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அளவு கூடன்னு சொல்லிப்புடாதீக. அன்ஃபிட்டுன்னு எழுதி ஜகாஜுல, கப்பல்ல ஏத்தி ஊருக்கே அனுப்பிருவாக. ஊருல எனக்கு நிக்க எடமில்ல."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது.

பயிற்சி முடிந்து ஐந்து நிமிடமாகியும் பாதரசம் நாற்பதைவிட்டு அசையவில்லை. "தஸ், சாப்," என்றேன். டாக்டர் பத்து என்று எழுதிக்கொண்டார். புண்ணியம் செய்துவிட்ட நினைப்பில் அன்று எனக்கு நானே ஒரு டீ கூடுதலாக வாங்கிக் கொடுத்தேன்.

மறுவாரம் பெட்டி கட்டும்போது டாக்டர் ஹிந்தியில் சலித்துக்கொண்டார். பாதரசம் இறங்காத ஆள் யாராவது இருந்தால், சுமை தூக்காத வேலைக்கு மாற்ற மரம் அறுக்கும் மில்லில் பேசிவைத்திருந்தாராம். கப்பல் கிப்பல் என்று யாரும் நினைக்கவேயில்லை.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பொய் சொன்னது தெரிந்தால் என் வேலை போய்விடுமே என்று பயந்தேன். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சில வருடம் கழித்து, எதிர்க்கரையிலுள்ள பம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகுக்காக நின்றேன். இடுப்போடு மடிந்துபோன ஒருவர் கம்பை ஊன்றி வந்தார். என் முகத்தைப் பார்க்க அவர் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது.

"நல்லாருக்கீகளா தம்பி? ஒங்க புண்ணியத்துல, முடிஞ்ச மட்டும் மரந்தூக்கித்தான் பிள்ளைகள ஆளாக்குனேன்."

கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். படகு வந்தது, அவரைக் கைகொடுத்து ஏற்றிவிட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை.