காதுக்குள் போன மெட்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என் நைனா லேத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் வகுப்பு. கம்பெனியில் புது மெஷின் பொருத்த ஜெர்மன்காரர் ஒருவர் வந்திருந்தார். நாலாம் நாள் அவர் நைனாவைக் கைகாட்டி, தன் காதைத் தட்டி, "ஓர்வுர்ம்" என்று சிரித்தாராம். ஃபோர்மேன் அதைப் பாதி விசாரித்துக்கொண்டு வந்து, "உன்னைக் காதுப்புழுன்றாருய்யா" என்று சொல்லிவிட்டார்.

அன்று நைனா சோற்றைத் தொடவில்லை. இனிமேல் அந்த மெஷின் பக்கமே போவதில்லை என்றார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் முன்னால் போய் நின்றாள்.

"எம்புருசன் புழுவா? அந்த ஜெர்மன்காரரையே வந்து சொல்லச் சொல்லு. கேட்டுக்கினுதான் போவேன்."

ஜெர்மன்காரரே வந்தார், பின்னால் நைனாவும் ஃபோர்மேனும். விஷயம் தெரிந்ததும் அவர் பதறிப்போய், சாக்பீஸால் மதில் சுவரில் ஒரு காதை வரைந்தார். அதற்குள் நுழையும் பூச்சி ஒன்றையும் வரைந்து, இங்கிலீஷில் நிதானமாக விளக்கினார்.

இந்த முறை ஃபோர்மேன் முழுதாகக் கேட்டுச் சொன்னார். "ஓர்னா காது, வுர்ம்னா புழு. தூங்கறவன் காதுல பூந்துக்கும்னு அங்க ஒரு பூச்சிக்கு அந்தப் பேராம். நாம பூரானுக்குப் பயப்படறோமே, அத்தப் போல. அப்பால, காதுல பூந்து வெளிய வராத பாட்டுக்கும் அதே பேர வெச்சிட்டாங்களாம்."

ஜெர்மன்காரர் தன் காதில் புகுந்துகொண்ட பாட்டை முனகிக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பியைத் தூங்கவைக்க அம்மாவே கட்டிய மெட்டு அது!

"இது என்னுதாச்சே! இவருக்கு எப்டித் தெரியும்?"

"உன் ஊட்டுக்காரர் தெனம் லேத்தாண்ட இத்தத்தான் முனகிக்கினு கீறாரு" என்றார் ஃபோர்மேன்.

அம்மா திரும்பி நைனாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, கையில் இல்லாத எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரர் தொப்பியைக் கழற்றி அம்மாவுக்கு வணக்கம் வைத்தார்.

வெள்ளைக்காரர் காதிலேயே பூரான் விட்டவள் என் அம்மா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒரு வாரம் என் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அன்று திரும்பும் வழியில், நாலு பேர் எதிரே வரும் ரோட்டில், அம்மா அந்த மெட்டை வாய்விட்டுப் பாடிக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு வெளியே அவள் பாடி நான் கேட்டதேயில்லை.

"தம்பிதான் இங்க இல்லியே, யார்க்கும்மா பாடற?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டே இன்னும் உரக்கப் பாடினாள். தூங்கவைக்க யாருமில்லாத நடுவெயிலில் அவள் எதற்குப் பாடினாள் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.