வலையில் வந்த சாடிக் கழுத்து

கீழடியில் புதுக் குழி இறக்கியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு இருக்காது. இல்லையென்றால் இரண்டு தடவை போட்டிருப்பேன். என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். "இன்னிக்கு இன்னா தோண்டுனாங்க?" என்று கேட்பார்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் எடைமேடையில் எனக்கு வேலை. லாரி ஏறி நிற்கும், எண் விழும், சீட்டு கிழித்துக் கொடுப்பேன், லாரி இறங்கும். அடுத்த லாரி வருவதற்குள் போனை எடுத்து அகழாய்வுச் செய்தி படிப்பேன். உட்கார்ந்தபடி படிக்க என்னால் முடியாது. நின்றுகொண்டு, அந்தத் தகரக் கூண்டுக்குள் நான்கடி அப்படியும் நான்கடி இப்படியும் நடந்துகொண்டுதான் படிப்பேன். சிவகளை இரும்புக்கு நாம் யாரும் நினைத்திராத அளவு வயதாகியிருக்கிறது என்று செய்தி வந்த நாளில் எனக்குக் கை கால் ஓடவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். மேடையில் நின்ற லாரி டிரைவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நானும் இரும்புதான் இட்டாந்துகீறேன் மேடம், சீட்டைக் குடு" என்றார்.

நான் படித்தது பி.காம். வரலாற்றுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு விடுமுறையில் கணவரை நச்சரித்து கீழடி அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போனேன். அவர் வெளியே நிழலில் உட்கார்ந்துவிட்டார். நான் உறைகிணற்று வளையங்களுக்கு முன்னால் நின்று அழுதேன். எவளோ ஒருத்தி அதில் தண்ணீர் சேந்தியிருக்கிறாள், அவளுக்கும் அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்திருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு ஒரே எரிச்சல். எல்லாம் தெற்கேதான் கிடைக்க வேண்டுமா? எங்கள் பக்கம் கரியும் சாம்பலும் கன்டெய்னரும்தானா? அதற்கப்புறம் கொருக்குப்பேட்டையில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டினால்கூட பஸ்ஸை விட்டு இறங்கி எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். "இன்னாக்கா தொலைச்சிட்ட?" என்று பள்ளத்துக்குள்ளிருந்து கேட்பார்கள். பாட்டில் மூடியும் பழைய செருப்பும்தான் வரும்.

என் கணவரின் வீடு எண்ணூர்ப் பக்கம் காத்திவாக்கத்து மீனவர் வீடு. அவர் வெல்டிங் பக்கம் போய்விட்டார். தம்பி, அதாவது என் கொழுந்தன், கடலில் இருக்கிறான். ஃபைபர் படகு ஒன்று அவனுக்குச் சொந்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கையில் சங்கரா மீனும் மறுகையில் ஈரச் சாக்குமாக வந்தான்.

"அண்ணி, உனக்குன்னு ஒண்ணு எட்த்தாந்தேன். பாருல வலை மாட்டிகிச்சு. உதறுனா இது வருது. தூக்கிக் கடாசத்தான் போனேன், உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு."

சாக்குக்குள் சிப்பியும் சுண்ணாம்பும் அப்பிய ஒரு சாடியின் கழுத்து. முழங்கை நீளம். ஒரு பக்கம் காது போல ஒரு பிடி, மறுபக்கம் பிடி உடைந்த தழும்பு. இரண்டு காது வைத்த ரோமானியச் சாடிகளின் துண்டுகளை அரிக்கமேட்டுப் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவற்றில் மதுவும் எண்ணெயும் கப்பலேறி வந்தன என்பார்கள். மீன் தரையில் கிடக்க, பூனை அதை மோப்பம் பிடிக்க, நான் அந்தக் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பாரு?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "கடல்லகீற பாருதான்."

பாரு என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. அங்கேதான் மீன் அடையும். நல்ல பாரு ஒன்று தெரிந்தவன் அதை அடுத்த படகுக்காரனிடம் சொல்ல மாட்டான், பங்காளியாக இருந்தாலும். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியையும் கோயில் கோபுரத்தையும் கடலிலிருந்து நேர்கோட்டில் பிடித்து இடத்தைக் கண்டுபிடிப்பது அந்தக் காலம். இப்போது ஜி.பி.எஸ். கருவியில் எண்ணைப் பதிந்துகொள்கிறார்கள். கழிமுகத்தில் இறால் குறைந்துபோன பிறகு என் கொழுந்தன் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த ஒரு பாருவால்தான். அவன் பெண்ணின் நர்சிங் படிப்பும் அதில்தான் ஓடியது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

தொல்லியல் ஆர்வலர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. என்னைப்போல் ஊருக்கு ஒன்றிரண்டு கிறுக்குகள், நடுவில் ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர். சாடிக் கழுத்தைப் படமெடுத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் பேராசிரியர் எழுதினார். இது பெரிய விஷயமாக இருக்கலாம், ஆனால் கிடைத்த இடம் தெரியாவிட்டால் இது வெறும் ஓடு, இடத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள், உரியவர்களிடம் பேசுகிறேன் என்றார். அவர் சொன்னது சரிதான். மண்ணிலிருந்து பிடுங்கிய பானைக்கு வாய் கிடையாது என்று நானே எத்தனை பேரிடம் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

ஒரு வாரம் கொழுந்தனை அரித்தேன். மாசத்தில் ஒருநாள் வருகிறவனை, போனில் ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். அவன் கோபப்படவில்லை. "பானை வோணுமா, வச்சிக்கோ. எடத்தை மட்டும் கேட்காத" என்றான். "சட்டப்படி சொல்லியாகணும்டா" என்றேன். "சட்டம் வந்து வலை இழுக்குமா அண்ணி?" என்றான்.

அந்தச் சமயத்தில் அவனுடைய ஜி.பி.எஸ். கருவியின் ஒயர் அறுந்துபோனது. பற்றவைத்துத் தரச்சொல்லி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனான். கணவர் சரிசெய்து, ஓடுகிறதா என்று பார்த்து, அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் அன்றைக்கு லீவு போட்டேன். லீவு எதற்கு என்று என்னிடமே நான் கேட்டுக்கொள்ளவில்லை. துணி துவைத்தேன், ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தைத் துலக்கினேன், மாடிக்குப் போய் வந்தேன். பிறகு கருவியை எடுத்து அமுக்கினேன். நிறையப் புள்ளிகள் இருந்தன. வலை மாட்டிய இடத்தை அன்றன்றே குறித்து வைப்பது அவர்கள் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. எண்ணைப் பிசகாமல் எழுதுவது என் தொழில். எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

அப்போதும் பேராசிரியருக்கு மட்டும் அனுப்பியிருந்தால் கதை வேறு. அனுப்பப் போகும் நேரத்தில் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: எண்ணூர்க் கடலில் ரோமானியச் சாடியாம், ஏதோ அருங்காட்சியகத்தில் சுட்ட படம், அம்மணிக்கு விளம்பரம் வேண்டும்போல. எனக்கு உச்சந்தலையில் ஏறியது. என் மடியில் வைத்துச் சுத்தம் செய்த சாடி அது. யாரைப் பார்த்துச் சுட்டது என்கிறான்? எண்களை எல்லோரும் பார்க்கும்படி குழுவிலேயே போட்டேன். போய்ப் பார்த்துக்கொள் என்றும் எழுதினேன். அப்புறம் எனக்குப் பாராட்டு மழை. அன்று சாயங்காலம் முழுக்க, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் சந்தோஷமாக இருந்தேன்.

குழுவில் யாருக்கு யார் தெரிந்தவரோ, அந்த எண்கள் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் இரண்டு படகு, பிறகு வட்டம் கட்டிக்கொண்டு படகுகள். அப்புறம் விசைப்படகுகள் வந்து பாருவின் ஓரமெல்லாம் அடிவலை போட்டு இழுத்துச் சுரண்டின. மீன் போனது. அங்கே மேலும் சாடிகள் கிடந்திருந்தால் அவையும் தூள் தூளாகியிருக்கும். இது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது என்று எழுத ஆசை. உண்மையில் முதலில் தோன்றியதே இதுதான்.

கொழுந்தன் வந்து சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவன் மனைவி மட்டும் ஒருநாள் மீன் கூடையோடு எடைமேடை வாசலில் வந்து நின்றாள். "அவரு உன்ன ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அதனால நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். மீன் வேண்டுமா என்று கேட்காமல் போய்விட்டாள். கணவர் என்னோடு பேசினார், சாப்பிட்டார். ஆனால் உப்பில்லாத நாளிலும் 'இன்னா தோண்டுனாங்க' என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

சாடிக் கழுத்தை உரிய அலுவலகத்தில் ஒப்படைத்தேன். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ஆராய்ந்து சொல்ல நாளாகும் என்றார்கள். ரசீதில் 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் அந்த எண்கள் இருந்தன. இனி அங்கே பார்க்க எதுவும் இல்லை.

நான்கைந்து மாதம் கழித்து ஒருநாள் காலை, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று காத்திவாக்கத்துக்குப் போனேன். பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் செய்தது திருட்டு, நீ என்னை நம்பினாய், உன் பெண்ணின் படிப்புக்கு என் சம்பளத்திலிருந்து கொடுக்கிறேன். இந்த வரிசையில் சொல்ல வேண்டும்.

அவன் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் படகு நிழலைக் காட்டினான். உட்கார்ந்தேன்.

அவனே ஆரம்பித்தான். "வேற பாரு ஒண்ணு பார்த்துட்டேன் அண்ணி. சின்னதுதான். வூட்டுக்குப் போதும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லது என்றேன்.

"போன வாரம் அங்க இன்னொண்ணு மாட்டிச்சு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "முழுசு. ரெண்டு காதும் கீது. கீழ கூரா கீது. தோள்பட்டையில இன்னாவோ கீறி வச்சிகீறான், எழுத்து மாதிரி."

"எங்க வச்சிருக்க?"

"அங்கயே உட்டுட்டேன். கயிறு கட்டி மெதுவாத்தான் எறக்குனேன், ஒடையல."

அவன் குரலில் குத்தல் இல்லை. என்னிடம் ஒரு நல்ல செய்தி சொல்வதாகத்தான் அவன் நினைத்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நான் மனப்பாடம் செய்து வந்த மூன்று வாக்கியங்களும் நாக்கில் இருந்தன. அவனும் ஊசியை நிறுத்திவிட்டு அதற்குத்தான் காத்திருந்தான்.

"எந்த எடம்?" என்று கேட்டேன்.

அவன் ஊசியை வலையில் குத்தி வைத்தான். பிறகு வலையை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வூட்டுக்குப் போ அண்ணி, வெயிலு ஏறிகினு கீது" என்றான்.