ஆல்வினை உறக்கும் பாடு

கடியப்பட்டணத்துக் குளோரிக்கு அந்த நாட்களில் ஒரே ஆசைதான் மிச்சம் இருந்தது. இரண்டு வயது மகன் ஆல்வின் நேரத்தோடு உறங்கவேண்டும். விடியுமுன்பே அண்டி ஆபீஸ் வேன் குருசடி முக்கில் வந்து ஹாரன் அடிக்கும். அந்த முந்திரி ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்து பருப்பைத் தரம் பிரிக்கிற வேலை. போன வாரம் பருப்புக் குவியலிலேயே தலை சாய்ந்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி என்றால் வீட்டிலேயே கிடந்து உறங்கிக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

ஆல்வினுக்கு அதெல்லாம் பொருட்டா? பாய் விரித்த பிறகுதான் அவனுக்குப் பொழுது விடியும். குடிக்க வெள்ளம் கேட்பான், கொடுத்தால் பாயில் ஊற்றுவான். மூத்திரம் என்பான், தூக்கிக்கொண்டு ஓடினால் சுவரில் பல்லியைக் காட்டிச் சிரிப்பான். தட்டிக்கொடுத்தால் அவனும் திருப்பித் தட்டுவான், அவள் கன்னத்தில். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஜின்சி, பகலுறக்கத்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றாள். நிறுத்திய அன்று இரட்டை ஆட்டம் ஆடினான்.

அன்று எப்படியோ ஆளைச் சாய்த்துவிட்டாள். கண் செருகி, மூச்சு சீரானது. அவன் தலைக்கடியிலிருந்து கையை மெல்ல உருவும்போது போன் அடித்தது.

கணவன் ததேயுஸ் வளைகுடாவில் ஓர் அரபியின் போட்டில் மீன்பிடிக்கப் போனவன். போட்டு கரையை நெருங்கி டவர் கிடைத்தால்தான் கூப்பிடமுடியும். அவனைக் குறைசொல்லவும் வழியில்லை என்பது அவளுக்குக் கூடுதல் எரிச்சல். பிள்ளை உறங்குகிறான், வீடியோவில் முகத்தை மட்டும் காட்டுகிறேன், பேசக்கூடாது என்று கிசுகிசுத்தாள். சம்மதித்தான். காட்டினாள்.

"மக்கா" என்றான் ததேயுஸ், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டையில்.

ஆல்வின் எழுந்து உட்கார்ந்தான்.

குளோரிக்கு அழத் தோன்றியது, அதற்கும் தெம்பில்லை. போனைத் தலையணையில் சாய்த்துவைத்தாள்.

"எழுப்புனது நீங்கதானே. நீங்களே உறக்குங்க. எனக்கு விடிஞ்சா வேனுக்குப் போணும்."

"அதுக்கென்னட்டி, நான் உறக்குறேன். நீ கிட."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். போனிலிருந்து ஒரு பாட்டு வந்தது. பாதி தாலாட்டு, பாதி வலை இழுக்கிற ராகம். கொஞ்சநேரத்தில் அது இழுத்து இழுத்து நின்றது. அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"அம்மா, அப்பா உறங்கியாச்சு."

கடலில் எத்தனை ராத்திரி கண்விழித்தானோ, ததேயுஸ் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அழைப்பைத் துண்டிக்க விரலை நீட்டினாள். ஆல்வின் போட்ட அலறலில் ஜின்சி வீட்டு விளக்கு எரிந்தது. சரி, கிடக்கட்டும். சார்ஜ் தீர்ந்து தானாக அணைந்தால் அதற்கும் ஒரு அலறல் வரும். எழுந்து, சார்ஜரைத் தேடி, தன் கையாலேயே சொருகினாள்.

மகன் குப்புறப் படுத்துத் தகப்பனின் குறட்டையை ரசித்துக்கொண்டிருந்தான். வேன் வர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கக் குனிந்தாள். போனில் மணி தெரியவேண்டிய இடத்தில் ததேயுஸின் மூக்குதான் தெரிந்தது.